பி.டி. மாஸ்டருக்கு யார் விசில் ஊதுவது?

உங்கள் வீட்டில் ஒரு பி.டி. மாஸ்டர் இருக்கிறாரா? அல்லது ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு சாயங்காலம் கபடியோ வாலிபாலோ சொல்லிக் கொடுக்கிற தம்பி, அண்ணன், மாப்பிள்ளை யாராவது? இல்லையென்றாலும் பரவாயில்லை. உங்கள் பிள்ளை யாரிடமாவது விளையாட்டுக் கற்றுக்கொள்கிறதல்லவா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான்.

விளையாடுகிறவர்களின் உடம்பைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். முட்டி வலிக்கு என்ன, சதைப் பிடிப்புக்கு என்ன, எத்தனை முட்டை சாப்பிடலாம் என்று எல்லாம் வந்தாகிவிட்டது. சொல்லிக் கொடுக்கிறவரின் உடம்பைப் பற்றி? "அவருக்கென்னப்பா, விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிற வேலைதானே" என்பதுதான் பொதுவான அபிப்பிராயம்.

மல்லாங்கிணற்றில் வைத்தியம் பார்க்கிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து விளையாட்டு ஆசிரியர்கள் வருகிறார்கள். சொல்லுகிற காரணம் நெஞ்செரிச்சலாக இருக்கும், தொண்டைக் கட்டாக இருக்கும், நீர்க்கடுப்பாக இருக்கும், தூக்கம் வரவில்லை என்பதாக இருக்கும். நாடி பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் பேச்சுக் கொடுத்தால் வேறொன்று வெளியே வரும். "பிடிக்காமப் போச்சுங்க ஐயா. கிரவுண்டுப் பக்கம் போகவே பிடிக்கல."

யோசித்துப் பாருங்கள். இவர் கணக்கு வாத்தியார் ஆகாமல் இந்த வேலைக்கு வந்ததே விளையாட்டு பிடித்ததால்தானே! பிடித்ததற்காக வந்த வேலை பிடிக்காமல் போவது சாதாரணக் களைப்பு அல்ல. நாலு நாள் லீவு போட்டுப் படுத்தால் தீருகிற சமாச்சாரமும் அல்ல.

எண்ணெய் தீர்ந்த விளக்கு

இதற்கு 'பர்ன்-அவுட்' என்று பெயர். எண்ணெய் தீர்ந்த பிறகும் எரிகிற விளக்கைப் பார்த்திருப்பீர்கள். சுடர் தெரியும். ஆனால் எரிவது எண்ணெய் அல்ல, திரி. அதுபோல வெளியே பார்த்தால் மனுஷன் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருப்பார். உள்ளே கருகிக்கொண்டிருப்பது வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இந்தப் பெயரை மருத்துவ உலகில் பேசவைத்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில், சம்பளம் வாங்காமல் தொண்டு செய்ய வந்த இளைஞர்களைப் பார்த்துவிட்டு 1974-ல் இதைப் பற்றி எழுதினார். அவர் கவனித்ததில் முக்கியமானது எது தெரியுமா? வேலையில் சிரத்தை இல்லாதவர்களுக்கு இது வருவதில்லை. யார் அதிக ஈடுபாட்டோடு வந்தார்களோ, அவர்கள்தான் முதலில் கருகினார்கள். அதனால், 'பர்ன்-அவுட்' ஆன ஒரு கோச்சைப் பார்த்தால் சோம்பேறி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்தான் அந்தப் பள்ளியிலேயே அதிகம் உழைத்தவராக இருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பில் இதைச் சேர்த்திருக்கிறது. நோய் என்று அல்ல. வேலையால் வருகிற ஒரு நிலை என்று. மூன்று அடையாளங்கள் சொல்லியிருக்கிறார்கள். சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்துபோவது, வேலைத் திறமை குறைந்துபோவது. நம் பி.டி. மாஸ்டர் பாஷையில் சொன்னால்: காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். "இந்தப் பயலுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று வாய் முணுமுணுக்கும். "இத்தனை வருஷத்துல நான் என்னத்தக் கிழிச்சேன்" என்று ராத்திரி படுத்தபிறகு ஓடும். மூன்றும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கிரவுண்டு

சென்னையில் உள்ளவர்களுக்குப் புரிவதற்காக எங்கள் கரிசல் கிரவுண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் காலை எடுக்க முடியாமல் மண் அப்பும். கோடையில் வெடிப்பு விட்டு, ஓடுகிற பிள்ளையின் கணுக்கால் உள்ளே போகும். ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். பல ஊர்களில் காய்ந்த கண்மாய்ப் பொட்டல்தான் மைதானம். நிழலென்று ஒரு வேப்பமரம் இருந்தால் அதிர்ஷ்டம். காலை ஐந்தரைக்கு அங்கே போகிறவர், பள்ளி முடிந்து சாயங்காலம் மறுபடி அங்கேதான். நடுவில் பிரேயர், ஒழுங்கு நடவடிக்கை, பரீட்சை டியூட்டி. விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார் (திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை).

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வருஷம் முழுக்க வரிசை. பஸ்ஸுக்குக் காசு, போன இடத்தில் பிள்ளைகளுக்கு டிபன், கிழிந்த பனியனுக்குப் பதில் புதுப் பனியன் என்று கைக்காசு கரையும். சம்பளமாவது நன்றாக இருக்கிறதா என்றால் அதிலும் எல்லோருக்கும் இல்லை. 2012-ல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம் போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தார்கள். பிற்பாடு படிப்படியாகக் கூட்டினார்கள். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவரிடம் போய் "டென்ஷன் ஆகாதீங்க சார்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளப் பிரச்சினைக்கு என்னிடம் லேகியம் கிடையாது.

ஆனால் பணத்தைவிட அவர்களை அதிகம் உடைப்பது வேறொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கபடியில் வளர்த்து, மாவட்ட அணி வரை கொண்டுவந்திருப்பார். பத்தாம் வகுப்பு லீவு முடிந்து ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அவள் வரமாட்டாள். விசாரித்தால் மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள், அல்லது அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். வீடு தேடிப் போய்க் கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு ஆட்டம் எதுக்கு சார், சோறா போடப்போகுது?" என்பார்கள். இதை அவர் யாரிடம் போய்ச் சொல்லி அழுவார்? அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு விசிலோடு நின்றாக வேண்டுமே!

அடக்கக் கூடாத 14

இங்கேதான் சித்த மருத்துவம் சொல்கிற ஒரு விஷயம் எனக்கு நினைவுக்கு வருகிறது. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல்களை 'வேகங்கள்' என்று சொல்வோம். மொத்தம் 14: வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கு நடத்திய அடிப்படைப் பாடம்.

இந்தப் பட்டியலை ஒரு விளையாட்டு ஆசிரியரின் நாளோடு வைத்துப் பாருங்கள். பசியை டீயால் அடக்குகிறார். தாகத்தை, "பசங்க குடிக்கட்டும்" என்று அடக்குகிறார். மேட்ச் நடக்கும்போது நகர முடியாதென்று சிறுநீரை அடக்குகிறார். தூக்கத்தை விடியற்காலைப் பயிற்சிக்காக அடக்குகிறார். இளைப்பு, அதாவது களைப்பு, அதைப் பிள்ளைகள் முன்னால் காட்டக் கூடாதென்று அடக்குகிறார். தோற்ற அன்று வருகிற கண்ணீரையும் அடக்குகிறார். 14-ல் ஆறு! இத்தனையையும் தினமும் அடக்கிக்கொண்டிருப்பவருக்கு அழல் மிஞ்சாமல் என்ன செய்யும்? கண் எரிகிறது, வயிறு எரிகிறது, வார்த்தையும் எரிகிறது.

பெண் ஆசிரியைகளின் நிலை இன்னும் மோசம். வெளியூர்ப் போட்டிக்குப் பன்னிரண்டு பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவர், அங்கே ஒதுங்க ஒழுங்கான இடம் இல்லையென்றால் என்ன செய்வார்? தண்ணீரே குடிக்க மாட்டார். காலை ஆறு மணிக்குக் குடித்த காபியோடு சாயங்காலம் வரை வெயிலில் நிற்பார். எங்கள் வறண்ட பூமியில் நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் சாதாரணமாகவே அதிகம் பார்க்கிறேன். இவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வீடு திரும்பியதும் அடுப்படி. மாதவிலக்கு நாளிலும் விதிவிலக்கு இல்லை. போட்டி நடத்துகிற பெரியவர்களே, கோப்பைக்கும் பொன்னாடைக்கும் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்பாடு பண்ணுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பெரிய மருந்தெல்லாம் இல்லை. கிரவுண்டுக்குப் போகுமுன் ஒரு டம்ளர் நீராகாரமோ கம்மங்கூழோ குடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் டீ வேண்டாம். ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிற ஆசிரியர் எனக்குத் தெரியும். நெஞ்செரிச்சலுக்கு என்னிடம் சூரணம் கேட்டார். டீயை இரண்டாகக் குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். பயிற்சியின் நடுவில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் இடைவேளை விடும்போது நீங்களும் குடிக்க வேண்டும். அவர்கள் முன்னாலேயே குடியுங்கள். பார்த்துப் பழகுவார்கள். மதியம் உப்புப் போட்ட நீர்மோர். இரவுக்குக் குதிரைவாலிக் கஞ்சி. எங்கள் பக்கம் விளைகிற தானியம்தான், எளிதில் செரிக்கும்.

தொண்டை விஷயம். நாள் முழுக்கக் கத்துவதால் குரல்நாண் வீங்குகிறது. விசிலுக்கு ஒன்று, கைச் சைகைக்கு ஒன்று என்று நாலைந்து குறிப்புகளைப் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டால் பாதிக் கத்தல் மிச்சம். இரவில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள். சிறு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் பி.பி. உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிடக் கூடாது. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

எண்ணெய்க் குளியல் பற்றிக் கேட்பீர்கள். வாரம் ஒரு நாளாவது நல்லெண்ணெய் தேய்த்து, வெந்நீரில் குளியுங்கள். அன்று வெயிலில் அலையக் கூடாது. பகலில் தூங்கவும் கூடாது. "ஆம்பளைங்களுக்குச் சனிக்கிழமைதானங்க ஐயா, சனிக்கிழமை மேட்ச் வந்துருதே" என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக்கொண்டால் சூரிய பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார். சளி, காய்ச்சல் இருக்கும்போது மட்டும் வேண்டாம். 'அமுக்கரா நல்லதாமே' என்று கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். தைராய்டு, ஈரல் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வைத்தியரைக் கேட்டு எடுக்க வேண்டிய மருந்து அது.

விளையாடினது எப்ப?

உடம்பைச் சரிக்கட்டிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. விட்டுப்போன சந்தோஷம் திரும்ப வரவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக் கொடுக்கிற ஓர் ஆசிரியர் மனைவியோடு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். மனைவிதான் பேசினார். "அவுக வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் பேசுறதே இல்லீங்க. புள்ளைங்க கிட்ட வந்தாலே எரிஞ்சு விழுறாக. வேலையை எழுதிக் குடுத்துட்டு அண்ணன் கடையில உக்காரப்போறேங்கிறாக."

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், கடைசியா நீங்க எப்ப விளையாடினீங்க?"

"தெனமும் கிரவுண்ட்லதானங்க ஐயா இருக்கேன்."

"நிக்கிறீங்க. விளையாடினது எப்ப?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "மூத்தவ பொறக்குறதுக்கு முன்னாடி இருக்கும்" என்றார். மூத்தவள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்!

பதினேழு வருஷம். ஜிலேபி பிடிக்குமென்று மிட்டாய்க் கடை வைத்தவர் பதினேழு வருஷம் ஜிலேபியே தின்னாமல் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் எப்படி? அவருக்கு மருந்தோடு மருந்தாக இரண்டு வேலை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, வாரத்தில் ஒரு சாயங்காலம் விசில் இல்லாமல், தன் வயசுக்காரர்களோடு வாலிபால் ஆடவேண்டும். யாருக்கும் எதையும் சொல்லித் தரக் கூடாது. (ஆடத் தொடங்குமுன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். பல வருஷம் ஓடாதவர்கள் திடீரென்று இறங்கக் கூடாது.) இரண்டாவது, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் ஒரு வரி எழுதவேண்டும். போன வாரம் செய்ய முடியாத எதை, எந்தப் பிள்ளை இன்று செய்தது? அது மட்டும். ஜெயித்தது, தோற்றது, யார் செலக்ட் ஆனது எதுவும் அதில் வரக் கூடாது.

முதல் வாரம் நோட்டு காலியாக வந்தது. "எழுத ஒண்ணும் இல்லீங்க" என்றார். பார்த்தால்தானே எழுத! அதுவரை அவர் கண் தப்பு எங்கே என்று மட்டும் தேடிப் பழகியிருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு வரி இருந்தது. "எட்டாம் வகுப்புக் குட்டைப் பொண்ணு, இன்னைக்குப் பாட்டு விடாம கோடு தொட்டுட்டு வந்தா." அடுத்த பக்கத்தில் இரண்டு வரி. பிறகு நோட்டு தன்னால் நிரம்பியது.

மூன்று மாதம் கழித்து அவர் அணி மாவட்டப் போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே தோற்றது. டீக்கடையில் என்னைப் பார்த்து "தோத்துட்டோம் ஐயா" என்றார். சொல்லிவிட்டு, அந்தக் குட்டைப் பெண், தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளையின் கணுக்காலைப் பிடித்து நிறுத்தியதைக் கால்மணி நேரம் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். டீ ஆறிப்போனது. இன்னும் அவருக்குக் கோபம் வருகிறது, கத்தவும் செய்கிறார். அண்ணன் கடைப் பேச்சை மட்டும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

இது ஏதோ கிராமத்து வைத்தியரின் கைமருந்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல வருஷம் சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை ஆராய்ந்தார்கள். சில கோச்சுகளுக்கு சீசன் தொடங்குமுன் இரண்டரை மணி நேரம் மட்டும் ஒரு வகுப்பு. பிள்ளை நன்றாகச் செய்தால் உடனே சொல்லுங்கள், முயற்சியைப் பாராட்டுங்கள், தப்புச் செய்தால் முதலில் தட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்துங்கள், தண்டிக்காதீர்கள். இவ்வளவுதான் பாடம். 1992-ல் வெளிவந்த முடிவைப் பாருங்கள். வகுப்புக்குப் போகாத கோச்சுகளிடம் ஆடிய பிள்ளைகளில் நூற்றுக்கு 26 பேர் அடுத்த வருஷம் விளையாட்டை விட்டுவிட்டார்கள். வகுப்புக்குப் போன கோச்சுகளிடம் விட்டவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். இரண்டு தரப்பு அணிகளும் ஜெயித்த கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதைவிட சுவாரசியம். அடித்து வளர்த்தாலும் அணைத்து வளர்த்தாலும் கோப்பை ஒரே அளவில்தான் வருகிறது. பிள்ளைகள் தங்குவதுதான் வித்தியாசம். பிள்ளைகள் தங்குகிற கிரவுண்டில் கோச்சுக்கும் தங்கப் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

கோப்பையில் எதிரணி இருக்கிறது, நடுவர் இருக்கிறார், அன்றைக்குப் பார்த்து முக்கியமான பிள்ளைக்கு வருகிற காய்ச்சல் இருக்கிறது. அதெல்லாம் கோச்சின் கையில் இல்லை. தன் கையில் இல்லாத ஒன்றில் தன் சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கட்டியவருக்கு ராத்திரி தூக்கம் எங்கிருந்து வரும்?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பனை உங்களுக்குத் தெரியும். சின்ன வயசில் பஸ் ஏறிக் கால் பாதிக்கப்பட்ட பையன். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். அவரை முதலில் உயரம் தாண்டச் சொன்னவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். அந்த ஆசிரியர் ரியோவை மனதில் வைத்தா சொல்லியிருப்பார்? ஒரு பையன் தாண்டுகிறான், நன்றாகத் தாண்டுகிறான் என்று பார்த்திருக்கிறார். ஒரு மாரியப்பன் வருவார் என்று காத்திருந்தே வயசைக் கழிக்கிற கோச்சுகளுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒருத்தர் தலையில் எல்லாம் வேண்டாம்

எங்கள் பக்கத்துக் கரிசல் ஊர் கோவில்பட்டி. அங்கே ஹாக்கி என்பது ஊர்ப் பழக்கம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் போன ஊரில் வீட்டுக்கு வீடு ஹாக்கி மட்டை பார்க்கலாம். அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரனும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அரசு பயிற்சி மையமும் செயற்கைப் புல் மைதானமும் பின்னால் வந்த வசதிகள். அதற்கு முன்பிருந்தே அங்கே கிளப்புகள் இருக்கின்றன. ஆடி முடித்த பழைய ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டுப் போகாமல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஒரு கோச் நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் மட்டை சும்மா கிடக்காது.

நம் ஊர்களில் இது இல்லை. எல்லாம் ஒரே ஆள் தலையில். பழைய மாணவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்து மேட்ச் ஆடிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் காலை நீங்கள் போய் நின்றால் அன்று உங்கள் சார் ஏழு மணி வரை தூங்குவார். கோச்சுகளும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். 'நான் இல்லாட்டி நடக்காது' என்பது சிலருக்குப் பெருமையாக இருக்கிறது. உடம்பு சூடேற்றுகிற பயிற்சியைக் கேப்டன் நடத்தட்டும், ஸ்கோர் நோட்டை ஒரு பிள்ளை எழுதட்டும். பந்துப் பையைத் தூக்கக்கூட நீங்களேதான் வேண்டுமா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி பத்து மணிக்குக் கோச்சுக்குப் போன் போட்டு "ஏன் எம் மகனை இறக்கல?" என்று கேட்காதீர்கள். காலையில் கேளுங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் பஸ் காசையும் சாப்பாட்டுக் காசையும் நாலு பெற்றோர் சேர்ந்து முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். அவராகக் கேட்கக் கூச்சப்படுவார். ஜெயித்த அன்று மாலை போட எல்லோரும் வருகிறார்கள். தோற்ற அன்று சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போய் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்களேன்.

விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியோடுதான் பலர் கடைசியில் வருகிறார்கள். சிலருக்கு, ஆமாம், விடுவதுதான் சரி. வேறு பள்ளிக்கு மாறுவதோ, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மாறுவதோ, ஒரு வருஷம் போட்டிப் பொறுப்பிலிருந்து விலகி நிற்பதோ தோல்வி அல்ல. ஆனால் தோற்ற வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். மே மாத வெயிலிலும் எடுக்காதீர்கள். பதினைந்து நாள் ஒழுங்காகத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, கிரவுண்டு வாடையே இல்லாமல் இருந்து பாருங்கள். பதினாறாம் நாள் பிள்ளைகள் ஞாபகம் வருகிறதா, இல்லை நிம்மதியாக இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டில் உள்ளவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரவுண்டு மட்டும் கசந்து, மகளோடு பேசவும் கோயில் திருவிழாவுக்குப் போகவும் அவருக்குப் பிடித்தால் அது வேலைச் சோர்வு. எதுவுமே பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, 'இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வந்தால் அது வேறு; மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஓடும்போதோ கத்தும்போதோ நெஞ்சில் பாரம் ஏறி, இடது கை, தாடை என்று வலி பரவினால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம்; 108-க்குப் போன் செய்யுங்கள். என்னிடமும் வர வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.